அப்பா எழுதிக் கொடுத்த இங்கிலீஷ்

முதலில் பழவங்காடிப் பிள்ளையாரை நினைத்துக்கொள்கிறேன். எதை எழுத உட்கார்ந்தாலும் அவரைக் கேட்காமல் எனக்குக் கை ஓடாது.

மூட்டு வலித் தைலத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் கோவிலில் பிரதட்சிணம் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நமக்கெல்லாம் இங்கிலீஷ் எப்படி வந்தது என்று பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? ஒருத்தி கான்வென்டில் என்றாள். ஒருத்தி ரேடியோ கேட்டு என்றாள். எனக்கு ஒரு லாட்ஜில் வந்தது என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டதால் மேலே சொல்ல முடியவில்லை. இப்போது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலையாளச் சீமையில், கரமனையில் ஆற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் அப்பா, அம்மா, நான். அப்புறம், பாதி வருஷத்துக்கு அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி நாலே வருஷத்தில் அத்திம்பேர் போய்விட்டார். குழந்தையும் இல்லை. மதுரையில் இருந்த பெரியப்பாவும் எங்கள் அப்பாவும் உட்கார்ந்து பேசி, சித்திரையிலிருந்து ஐப்பசி வரை எங்கள் வீடு, கார்த்திகையிலிருந்து பங்குனி வரை பெரியப்பா வீடு என்று முறை வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. தங்கை ஒருவருக்கே பாரமாகிவிடக் கூடாது என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். அத்தை என்ன நினைக்கிறாள் என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் பெரியப்பா ரயிலில் வந்து இறங்குவார். மறுநாள் அத்தை அவரோடு கிளம்பிவிடுவாள்.

ஒரு நாள் சமையலறையில் அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மன்னி, அங்கே பதினோரு பேர். நான் விருந்தாளியும் இல்லை, அந்த ஆத்து மனுஷியும் இல்லை. போய் எறங்கினவொடனே உப்பு எங்கே, புளி எங்கேன்னு மொதல்லேருந்து தேடணும். அது பழகறச்சே பங்குனி முடிஞ்சுடும். இங்கே வந்தா இங்கேயும் தேடணும்."

அம்மா புளி ஜாடியை மூடி அதே இடத்தில் வைத்தாள். பிறகு, "புளி ஜாடியை இனிமே நான் எடம் மாத்தலை" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த வருஷம் நவராத்திரி ஆரம்பித்த சமயம், ரயில் ஸ்டேஷன் பக்கம் தம்பானூரில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் கணபதி ஹோமத்துக்குச் சாஸ்திரிகளைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். வழி கேட்க எங்கள் வாசலில் நின்றவர், அப்பாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வடக்கேருந்து சாமி கும்பிட நெறைய பேரு வாராவ, சாமி. நம்ம பாஷையும் தெரியல, மலையாளமும் தெரியல. எல்லாம் இங்கிலீஷ்தான். முன்னால ஒரு பொம்பளையாளு உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுனா, குடும்பத்தோட வாரவுகளுக்கு ஒரு தைரியமா இருக்கும். கெடைக்க மாட்டேங்காவ."

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான் வரேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அத்தை படித்தது ஏழாம் கிளாஸ். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பேசி யாரும் கேட்டதில்லை.

"இங்கிலீஷ் பேசுவீயளாம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"படிச்சுக்கறேன். எத்தனை நாள் இருக்கு?"

அவர் சிரித்தார். ஆனால் கேலியாகச் சிரிக்கவில்லை. "ஆறாட்டு சமயம் கூட்டம் அதிகம். அப்போ மூணு நாள் வாங்க. சரிப்பட்டா வேலை உங்களுக்கு. சரிப்படலேன்னா மனசுல வச்சுக்கிடப்படாது."

ஆறாட்டு என்றால் நமக்குத் தெரியும். ஐப்பசி உற்சவம் முடிந்து பெருமாள் சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போகிற நாள். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்கப்புறம் கார்த்திகை வந்துவிடும்.

வேலை கிடைத்தால் அத்தை மதுரைக்குப் போக வேண்டாம். இது எனக்கே புரிந்தது.

அப்பா அன்று சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மாதான் புலம்பினாள். "லாட்ஜாக்கும், ஆராவது கேட்டா என்ன சொல்றது? மதுரைக்குத் தெரிஞ்சா அவர் வந்து குதிப்பாரே." பெரியப்பா பேச்சை அப்பா ஒரு தடவையும் மீறியதில்லை. பதினைந்து வயது வித்தியாசம். அப்பாவுக்கு உபநயனம் செய்து, படிக்க வைத்து, வேலைக்கு மனு எழுதிக் கொடுத்ததெல்லாம் அவர்தான். அதனால் அப்பா இதைத் தடுத்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைப்பதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து புஸ்தகங்களை எடுத்தபோது, நடுவில் ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. காக்கி அட்டை, சிவப்புத் துணி ஒட்டிய முதுகு, ஆபீஸ் கோந்து வாசனை. அப்பா அதை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். கொலு நாட்களில் சாயங்காலம் தோறும் ஆபீஸிலிருந்து வந்து அவர் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். நீலக் கறுப்பு மையில் இரண்டு பக்கமும் கோடு போட்டு, நாற்பது பக்கம் இங்கிலீஷ் வாக்கியங்கள்.

அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தைகள் முதல் எழுத்து எழுதுவது போல, பரப்பின அரிசியில் விரலால் 'ஹரிஸ்ரீ' எழுதினாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, முதல் பக்கத்து முதல் வார்த்தையைப் பார்த்து, இங்கிலீஷ் எழுத்தில் 'கைண்ட்லி' என்று எழுதினாள். முப்பத்திரண்டு வயதில் அரிசியில் எழுதிய ஒருத்தியை அன்று முதல் தடவையாகப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பாடம். நம் வீடுகளில் வேதம் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்? சந்தை சொல்வது. குரு ஒரு தடவை சொல்ல, சிஷ்யன் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அர்த்தம் கேட்கக் கூடாது. ஸ்வரம் மாறக் கூடாது. அப்பாவுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். காலையில் ஜபம் முடிந்ததும் மணையில் உட்கார்ந்துகொண்டு, "ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்" என்பார். அத்தை, "ஹம்ப்ளி ரிக்வெஸ்ட், ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்" என்பாள். "டீப்லி ரிக்ரெட்." "டீப்லி ரிக்ரெட், டீப்லி ரிக்ரெட்." நான் ரிஜிஸ்டரில் வரி மேல் விரல் வைத்துக்கொண்டு, தப்பு வந்தால் கையைத் தூக்க வேண்டும். வார்த்தை எழும்பி இறங்குவதெல்லாம் அச்சு அசல் ருத்ரம் போலவே இருக்கும்.

"நம்மாத்துல இங்கிலீஷுக்கும் பூணூல் போட்டாச்சு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்.

அத்தைக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. "ஏன் அண்ணா, ஹம்ப்ளியைக் கொண்டு போய் ரிக்ரெட்டோட வச்சா என்ன?"

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார். "பிள்ளையாருக்கு அருகம்புல். பெருமாளுக்குத் துளசி. சிவனுக்குத் தும்பை. துளசி நல்லதுதான்னு பிள்ளையாருக்குச் சாத்துவியோ? தாழம்பூ வாசனைன்னு சிவன் தலையில வைப்பியோ? அது மாதிரியாக்கும் இது. இன்ன செய்கைக்கு இன்ன வார்த்தைதான் முன்னாடி வரும். மாத்திப் போட்டா குத்தமில்லை. ஆனா பார்க்கறவாளுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

தினம் பூத்தொடுப்பவள் அத்தை. அவளுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. காய் நறுக்கும்போது நான், "டீப்லி சாம்பார்" என்பேன். "சேராது" என்பாள். "டீப்லி சந்தோஷம்?" "உங்கப்பா எழுதலையே. வெள்ளைக்காரன் ஆழமா வருத்தப்படுவான் போலிருக்கு, சந்தோஷம் மேலோட்டமாப் படுவானோ என்னவோ." இரண்டு பேரும் சிரிப்போம். வெளியே மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் துலா மாசத்து இடி இறங்கும். ஆற்றங்கரைப் பக்கமிருந்து மண் வாசனை வரும்.

மூன்று வாரத்தில் அத்தைக்கு நாற்பது பக்கமும் மனப்பாடம்.

முதல் நாள், ஆறாட்டுக்கு இரண்டு நாள் முன்னால், நானும் அத்தையும் பஸ்ஸில் தம்பானூருக்குப் போனோம். தனியாகப் போகக் கூடாது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ என்று அப்பா சொல்லியிருந்தார். அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

லாட்ஜின் முன் அறையில் ஒரு மேஜை, தலையில் தட்டினால் அடிக்கும் ஒரு மணி, சுவரில் சாவி மாட்டும் பலகை. ஒவ்வொரு சாவியிலும் மாங்காய் அளவு பித்தளை வில்லை. ஃபினாயில் வாசனையும் சாம்பார் வாசனையும் ஸ்டேஷன் கரிப்புகையும் கலந்து வரும். முதலாளி பின்னால் திரை மறைவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது ஒரு வயதான வடக்கத்தி தம்பதி. பெரியவர் கோட்டும் மஃப்ளரும் போட்டிருந்தார். முந்தின நாளே அறை எடுத்தவர்கள். குளிக்க வெந்நீர் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அத்தை எழுந்து நின்றாள். கை கூப்பினாள். பதினெட்டாம் பக்கத்தை அட்சரம் பிசகாமல், ஸ்வரத்தோடு சொன்னாள். "யுவர் ரிக்வெஸ்ட் வில் பி சிம்பதெடிக்கலி கன்ஸிடர்ட்."

உங்கள் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்படும் என்று அர்த்தம். ஒரு வாளி வெந்நீருக்கு.

பெரியவர் முழித்தார். பிறகு சிரிப்பை மஃப்ளருக்குள் அடக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து அறை கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம், "ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட் தட் நோ ரூம் இஸ் வேகன்ட்" என்றாள் அத்தை. மிகவும் தாழ்மையுடன் மன்றாடித் தெரிவித்துக்கொள்கிறேன், அறை காலி இல்லை. அந்தக் குடும்பத்துப் பெண் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

பெஞ்சில் மெட்ராஸிலிருந்து வந்த மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் எழுந்து வந்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. வெந்நீர் கேட்டா மந்திரி மாதிரி பதில் சொல்றீங்க. ரூம் இல்லைன்னு சொல்றதுக்குக் கால்ல விழறீங்க. இது பேசற இங்கிலீஷ் இல்ல, மனு எழுதற இங்கிலீஷ். யார் சொல்லிக் குடுத்தது? உங்களை வேலையில சேர விடக் கூடாதுன்னு யாரோ திட்டம் போட்டிருக்காங்க போல."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அத்தை முகம் வெளுத்துவிட்டது.

முதலாளி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "கலெக்டராபீஸ்ல உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்றார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பாப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ஜன்னலை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். மழையில் ரிஜிஸ்டரைப் புடவைத் தலைப்பால்கூட மூடவில்லை. வீட்டுக்குள் போனதும், கை கால் கழுவிவிட்டு வந்த அப்பாவின் முன்னால் அதை வைத்தாள்.

"அண்ணா, நிஜத்தைச் சொல்லு. நான் தோக்கணும்னுதானே இதை எழுதினே? வேண்டாம்னு வாயால சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே. இத்தனை பேர் முன்னாடி என்னைப் பிச்சைக்காரியா நிக்க வைக்கணுமா?"

அப்பா ரிஜிஸ்டரைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டால் அட்டையிலிருந்த ஈரத்தைத் துடைத்தார். அலமாரியில் எடுத்து வைத்தார். சந்தியாவந்தனத்துக்குப் போய்விட்டார்.

"இல்லைன்னாவது சொல்லப்படாதா?" என்று அம்மா அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். பதில் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதுவே பதிலாகிவிட்டது. பெரியப்பாவுக்குப் பயந்துகொண்டு, வெளியே சரி என்று காட்டி உள்ளே கெடுத்துவிட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று ராத்திரி சுவாமி விளக்கு முன்னால் நமஸ்காரம் செய்தபோது, அப்பாவுக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் அத்தை அண்ணாவோடு பேசவில்லை. ஆனால் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டாள். லாட்ஜில் போய் அதைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து என்னிடம் கொடுத்தாள்.

"கொழந்தே, இவா பேசறதைக் காதால கேட்டுத் தமிழ்ல எழுது. அர்த்தம் வேண்டாம். எதுக்கு முன்னாடி எது வரதுன்னு பாரு. சொல்லறச்சே மொகம் எப்படி இருந்ததுன்னும் எழுதிக்கோ."

சாவிப் பலகைக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க எழுதினேன். ரயிலில் வந்து இறங்கின ஒருவர், "ஹார்ட்லி ஸ்லெப்ட்" என்றார். கண் சிவந்திருந்தது. ஒரு அம்மாள் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "நியர்லி ஃபெல்" என்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஜஸ்ட் லெஃப்ட்" என்று ஒருவர் கதவைக் காட்டினார். அறையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "கொய்ட் லைக் இட்" என்றார். அந்த மஃப்ளர் பெரியவர் வந்து, "ஐ பேட்லி நீட் காபி" என்றார்.

'பேட்' என்றால் கெட்டது என்று எனக்குத் தெரியும். காபி வேண்டுவதில் கெட்டது என்ன? அத்தையிடம் கேட்டேன்.

"மொகம் எப்படி இருந்தது?"

"அழறாப்பல இருந்தது."

"அப்படின்னா, காபி இல்லாட்டா உசிர் போறதுன்னு சொல்லுவோமே, அதாக்கும் அது."

மேஜைக்குப் பின்னாலேயே நாங்கள் சந்தை சொல்ல ஆரம்பித்தோம். இந்தத் தடவை குரு நான். "பேட்லி நீட்." "பேட்லி நீட், பேட்லி நீட்." அப்பா எழுதின நாற்பது பக்கத்திலும் யாரும் தூங்கவில்லை, விழவில்லை, காபி குடிக்கவில்லை. எல்லோரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆழமாக வருந்தினார்கள், விசுவாசமாக இருந்தார்கள். இங்கே வருகிறவர்களோ பேசுவதற்குள் பாதித் தூக்கத்தையும் கால் வலியையும் சேர்த்துச் சொன்னார்கள். அத்தை அவர்கள் வார்த்தையை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அந்த மூச்சு வாங்கிய அம்மாளைப் பார்த்து, "நியர்லி ஃபெல்? நவ் ஆல் ரைட்?" என்று கேட்டாள். அந்த அம்மாள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினாள். அத்தனையும் ஹிந்தி. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் ஆறாட்டு. ஆபீஸ்கள் மத்தியானத்தோடு சரி. அன்று அத்தை குடை மறந்துவிட்டாள். அம்மா விட்டிருக்க மாட்டாள் போலிருக்கிறது. இரண்டு மணி சுமாருக்கு, கக்கத்தில் ஒரு குடை, கையில் ஒரு குடை, அப்பா லாட்ஜ் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க சாமி, உள்ள வாங்க" என்று முதலாளி கூப்பிட்டார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லாட்ஜில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாவிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் மஃப்ளர் பெரியவர் மனைவியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். நெற்றியில் சந்தனமும் வேஷ்டியும் நனைந்த குடுமியுமாக அப்பாவைப் பார்த்ததும், கோவிலைச் சேர்ந்தவர் என்று நினைத்திருக்க வேண்டும். நேராக அவரிடம் போய்க் கேட்டார். ஊர்வலம் சரியாக எங்கேயிருந்து புறப்படும், எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்.

அப்பாவுக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் மேற்கு நடையில் நின்று பார்த்தவர். யானை எந்தப் பக்கம் வரும், மகாராஜா வாளோடு எந்தக் கல்லை ஒட்டி நடப்பார், மழை வந்தால் எந்தச் சார்ப்பில் ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

குடைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மார்போடு பிடித்துக்கொண்டார். தலையைக் குனிந்தார். "சார்," என்றார். "ஐ ரெஸ்பெக்ட்ஃபுல்லி பெக் டு ஸ்டேட் தட்..."

அங்கே நின்றுவிட்டது. மேலே வரவில்லை. உதடு அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "சார், ஐ மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி..."

பெஞ்சிலிருந்த ரெப் களுக்கென்று சிரித்தார்.

"சிரிக்காதீங்கோ" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "எங்க அண்ணாவாக்கும்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று நாளில் அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தது அப்போதுதான். அப்பா பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணா, நீ தமிழ்ல சொல்லு. நான் சொல்லிக்கறேன்."

அப்பா அவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. பிறகு யானை வந்தது, வாள் வந்தது, விளக்கு வந்தது, கை தானாக உயர்ந்து திசை காட்டியது. அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மை பிரதர் ஸேஸ், கோ எர்லி. வெஸ்ட் ஸைட் கேட். ரைட் ஸைட் ஸ்டாண்ட். டெஃபினிட்லி ஸீ. ரெயின் கம்ஸ், டோன்ட் ரன். காட் ஆல்ஸோ கெட்டிங் வெட்."

கடவுளும் நனைகிறார், ஓடாதீர்கள் என்று அப்பாதான் சொன்னார். அதைக் கேட்டதும் அந்தப் பெரியவரின் மனைவி அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினாள். பெரியவர் அத்தையிடம் ஏதோ கேட்டார். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீ கூட வருவியான்னு கேக்கறா."

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒரு குடையைப் பெரியவரிடம் கொடுத்தார். நானும் கூடப் போனேன். மழையில் அப்பா முன்னால் நடந்தார். அந்த இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் நின்றோம். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமாள் தாண்டிப் போனபோது அந்த அம்மாள் அழுதாள். அப்பா தன் துண்டைக் கொடுத்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "நாளையிலேருந்து அம்மா வரட்டும் சாமி" என்றார். "அந்தப் பழைய பாஷையையும் முழுக்க மறந்துர வேண்டாம். போலீஸ்காரவுக, ஆபீஸர்மாரு வந்தா உதவும்."

அன்று ராத்திரி வீட்டில் அத்தை தட்டில் தோசையைப் போட்டுவிட்டு அப்பா முன்னால் நின்றாள். "அண்ணா, அன்னிக்கி நான் கேட்டது..."

அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கி என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தோணலை. நீ கேட்டது சரிதானோன்னு ரெண்டு நாளா யோசிச்சுண்டிருந்தேன். இருபது வருஷமா இங்கிலீஷ் எழுதறேன். அத்தனையும் மேல இருக்கறவாளுக்கு. எனக்குக் கீழே ஆரும் இல்லை, சமமா இருக்கறவாளுக்கும் எழுதினதில்லை. நான் வேற எங்கேருந்து எடுத்துக் கொடுப்பேன்? இருக்கறதுல நல்லதாப் பார்த்துத்தான் எழுதினேன்."

அம்மா சட்னிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அத்தை அப்பாவின் தட்டில் இன்னொரு தோசை போட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவேயில்லை.

இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் யோசிக்கிறேன். நாம் சுவாமி முன்னால் நிற்கும்போது எப்படிப் பேசுகிறோம்? அபசாரத்தைப் பொறுத்தருள வேண்டும், அடியேனை ரட்சிக்க வேண்டும். அதில் என்ன குறைச்சல்? நல்ல வார்த்தை என்றால் அது பணிந்த வார்த்தையாகத்தான் இருக்கும் என்று அப்பா மனசார நம்பியிருக்கிறார். வெந்நீர் கேட்டு வருகிறவனுக்கும் அதே மரியாதை போதும் என்று நினைத்துவிட்டார். வஞ்சம் என்று நாங்கள் படித்தது அவர் சம்பாத்தியம் முழுவதும். அதைத்தான் கோடு போட்டு நாற்பது பக்கம் எழுதியிருந்தார்.

ஐப்பசி கடைசி வாரம் மதுரையிலிருந்து கார்டு வந்தது. வழக்கம்போல முதல் தேதி வருகிறேன், தங்கையைத் தயாராக இருக்கச் சொல் என்று பெரியப்பா எழுதியிருந்தார். அதோடு ஒரு வரி, யாரோ லாட்ஜ் என்று ஏதோ சொன்னார்கள், நம் குடும்பத்துக்கு அதெல்லாம் சரிவராது, நேரில் பேசிக்கொள்ளலாம்.

அத்தை கார்டைப் படித்துவிட்டு அப்பாவிடமே கொடுத்தாள். "நீ எது சொன்னாலும் சரி, அண்ணா" என்றாள். லாட்ஜுக்குக் கிளம்பக் கட்டின புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா ஒரு புதுக் கார்டு எடுத்தார். பெரியப்பாவுக்கு எழுதினால் அவருக்கு முதல் நாலு வரி நமஸ்காரத்துக்கே போகும். அண்ணா மன்னி க்ஷேமத்துக்குப் பிரார்த்தனை, தம்பியின் அநேக கோடி சாஷ்டாங்கம், தங்கள் ஆக்ஞைப்படி, சித்தப்படி. அன்று பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். சீக்கிரம் முடிந்துவிட்டது. அத்தையிடம் நீட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். கார்டின் நடுவில் ஒரே வரி.

'தங்கை இனி வர மாட்டாள். இங்கேயே இருப்பாள்.'

கீழே அப்பாவின் கையெழுத்து. அவ்வளவுதான்.

அத்தை அதை இரண்டு தடவை படித்தாள். "அண்ணா, 'தயவுசெய்து'ன்னு ஒரு வார்த்தையாவது முன்னாடி போடப்படாதா?"

"வேண்டாம்" என்றார் அப்பா. "அது அப்படியே போகட்டும்." என்னைக் கூப்பிட்டுக் கார்டைக் கையில் கொடுத்தார். "ஓடிப் போய் பெட்டியில போட்டுட்டு வா. தபால் எடுக்கற நேரமாச்சு."